பாட்டு முந்தி, காகிதம் பிந்தி

ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பாடகர்களும் பறிக்கப்பட்ட பிள்ளைகளின் வரலாறும்

காகிதத்தைக் காட்டு என்பதுதான் அதிகாரம் நம்மிடம் எப்போதும் கேட்கிற முதல் கேள்வி. பட்டா எங்கே, சாதிச் சான்றிதழ் எங்கே, கொடுத்த புகாருக்கு ரசீது எங்கே? காகிதம் இல்லாதவனுக்கு நிலமில்லை, நியாயமில்லை, கடைசியில் வரலாறும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அந்தக் காகிதத்தை எழுதியது யார், அதைப் பூட்டி வைத்திருக்கும் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் வராது.

ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்களுக்கு நேர்ந்தது இதுதான். தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய பிள்ளைகளை அரசாங்கம் தூக்கிக்கொண்டு போனது. அதைப் பற்றிய கோப்பு அரசாங்கத்திடம் இருந்தது. கோப்பில் 'கவனிப்பாரற்ற குழந்தை' என்று எழுதியிருந்தது. பெற்ற தாயிடம் இருந்ததோ அழுகை மட்டும்தான். அழுகையை எந்தக் கோர்ட்டு சாட்சியாக எடுத்துக்கொள்ளும்?

அந்த அழுகையைச் சிலர் பாட்டாக்கினார்கள். கிதாரை எடுத்துக்கொண்டு, தமக்கு நடந்ததைத் தம் பெயரிலேயே பாடினார்கள். 'ஆமாம், நடந்தது உண்மைதான்' என்று அரசாங்கத்தின் காகிதம் ஒப்புக்கொண்டது அந்தப் பாட்டுகளில் முந்தியது வந்து கால் நூற்றாண்டுக்கும் பிறகு. பாட்டு முந்தி, காகிதம் பிந்தி. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

(அங்கே பல சமூகங்களில் இறந்தவர் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் வழக்கமில்லை. ஆர்ச்சி ரோச் 2022இல் இறந்தபோது அவர் பெயரையும் படத்தையும் பயன்படுத்தக் குடும்பத்தார் அனுமதி தந்தார்கள். தமக்குப் பின்னும் இளையவர்கள் ஊக்கம் பெற வேண்டும் என்பதே காரணம். அந்த அனுமதியை மதித்தே அவர் பெயரை இங்கே எழுதுகிறேன்.)

1. 'காஸ்ட்' என்ற சொல் கடல் கடந்த கதை

1788இல் பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னியில் கரை ஒதுங்கியபோது அந்த மண்ணில் 250க்கு மேற்பட்ட மொழிகளைப் பேசும் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் அது யாருக்கும் உரிமையில்லாத நிலமாகவே கருதப்பட்டது. இந்தப் பொய்யை அந்நாட்டு உயர்நீதிமன்றம் கைவிட்டது 1992இல், மாபோ வழக்கில்தான்.

நிலத்தைப் பிடுங்கிய பிறகு மனிதர்களை என்ன செய்வது? மிஷன்களிலும் அரசாங்கக் குடியிருப்புகளிலும் கொண்டுபோய் அடைத்தார்கள். விக்டோரியா 1869இல் போட்ட சட்டத்தின் பெயர் 'பாதுகாப்பு'ச் சட்டம். பூர்வகுடி ஒருவர் எங்கே குடியிருக்க வேண்டும், யாரிடம் வேலை செய்ய வேண்டும், கூலி யார் கைக்குப் போக வேண்டும், பெற்ற பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதையெல்லாம் அரசாங்கமும் அது அமைத்த வாரியமும் தீர்மானிக்கலாம் என்றது அந்தச் சட்டம். 1886இல் அதைத் திருத்தினார்கள். கலப்பு வம்சாவளியைச் சேர்ந்த இளவயதினர் மிஷனைவிட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். பாட்டி உள்ளே, பேத்தி வெளியே. ஒரே குடும்பத்தின் நடுவே சட்டம் வேலி போட்டது.

இந்த மக்களைக் குறிக்கச் சட்டம் பயன்படுத்திய சொல் 'ஹாஃப்-காஸ்ட்'. நம் நாட்டில் சாதியைச் சொல்ல ஐரோப்பியர் கையில் எடுத்த அதே 'காஸ்ட்'தான். பாதி, கால், அரைக்கால் என்று தானியம் அளப்பதுபோல மனித ரத்தத்தை அளந்தார்கள். தோல் வெளுப்பாயிருக்கிற பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து, பெண்ணென்றால் வெள்ளையர் வீட்டு வேலைக்கும் ஆணென்றால் பண்ணை வேலைக்கும் பழக்கினால், இரண்டு மூன்று தலைமுறையில் பூர்வகுடி என்ற அடையாளமே அழிந்துபோகும் என்பது கணக்கு. நியூ சவுத் வேல்ஸில் 1915இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பிள்ளையைப் பிடித்துப்போக நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று. அதிகாரி நினைத்தால் போதும்.

2. ஜெபக்கூடத்திலிருந்து ஜெயில்வரை

மிஷன்களில் பல இடங்களில் தாய்மொழி பேசவே தடை. ஆனால் பாடலாம். ஞானப்பாட்டு பாடினால் பாதிரியாருக்குச் சந்தோஷம். பாட்டு தப்பிப் பிழைத்த வாசல் அதுதான்.

மர்ரே ஆற்றங்கரையில் மலோகா என்று ஒரு மிஷன். 1880களில் அமெரிக்காவிலிருந்து ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் அங்கே வந்து பாடினார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மாணவர்கள் 1871இல் தொடங்கிய குழு அது. பார்வோனின் சேனை கடலில் மூழ்கிய கதையைச் சொல்லும் பாட்டு ஒன்று யோர்ட்டா யோர்ட்டா மொழிக்குள் புகுந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரீஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். அந்த மொழிபெயர்ப்பில் அவருக்கும் பங்கு உண்டு என்பது அம்மக்கள் வழியே வரும் செய்தி. பருத்திக் காட்டு அடிமைகளின் பாட்டு, இந்திய வம்சாவளி வாத்தியார் ஒருவர் இருந்த பள்ளியின் வழியாக, பூர்வகுடி மொழியில் போய் உட்கார்ந்திருக்கிறது. பாதிரிமார் காதுக்கு அது பைபிள். பாடியவர்களுக்கு அந்தப் பார்வோன் யாரென்று தெரியாமலா இருந்திருக்கும்?

மலோகா மக்கள் 1888இல் கம்மராகுஞ்சா என்ற இடத்துக்குப் பெயர்ந்தார்கள். நிர்வாகியின் கொடுமை தாங்காமல் 1939 பிப்ரவரி 4ஆம் தேதி சுமார் 200 பேர் அங்கிருந்து வெளிநடப்புச் செய்து ஆற்றைக் கடந்தார்கள். அவர்களில் பலர் மூரூப்னா, ஷெப்பர்ட்டன் ஊர்களுக்கு இடையே ஆற்றோரத்தில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். மூரூப்னா என்ற பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

ஞானப்பாட்டுக்குப் பிறகு வந்தது அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட 'கன்ட்ரி' இசை. கால்நடைப் பண்ணைகளில் மாவும் சர்க்கரையும் தேயிலையும் கூலியாக வாங்கிக்கொண்டு உழைத்த மக்களிடம் அது ரேடியோ வழியாகவும் இசைத்தட்டு வழியாகவும் வந்து சேர்ந்தது. 'பூர்வகுடிக்காரன் எதற்கு வெள்ளைக்காரன் பாட்டைப் பாட வேண்டும், இது கலப்படம் இல்லையா' என்று கேட்கிற பண்டிதர்கள் அங்கேயும் உண்டு. அந்த இசை எதைப் பாடியது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். விட்டுவந்த வீடு, தாய் முகம், ஜெயில், திரும்ப முடியாத ஊர். இதெல்லாம் யாருடைய வாழ்க்கை? அது தங்களுக்கென்றே செய்த சட்டை மாதிரி அவர்களுக்குப் பொருந்தியது. இந்தப் பாடகர்களின் கதைகளை கிளின்டன் வாக்கர் 2000இல் 'பரீட் கன்ட்ரி' என்ற நூலில் தொகுத்தார்.

ஜெயிலுக்குள்ளிருந்தும் பாட்டு வந்தது. லா பெரூஸைச் சேர்ந்த விக் சிம்ஸ் பாத்தர்ஸ்ட் சிறையில் கைதியாக இருந்துகொண்டே எழுதிய பாடல்களை 1973இல் சிறைக்குள்ளேயே ஒரு மணி நேரத்தில் பதிவு செய்தார்கள். 'தி லோனர்' என்ற அந்த இசைத்தட்டு பல வருடம் யாருக்கும் தெரியாமல் கிடந்து, பிறகு மறுபதிப்புக் கண்டது.

பிள்ளை பறிப்பைப் பற்றி நாடெங்கும் கேட்ட முதல் குரல்களில் ஒன்று பாப் ராண்டலுடையது. மத்திய ஆஸ்திரேலியாவில் பூர்வகுடித் தாய்க்கும் வெள்ளைப் பண்ணைக்காரருக்கும் பிறந்தவர். சுமார் ஏழு வயதில் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் விடுதி, பிறகு வடகடலில் குரோக்கர் தீவு. தாயை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1970 வாக்கில் பரவிய 'மை பிரவுன் ஸ்கின் பேபி' என்ற அவருடைய பாட்டு, பிள்ளையைப் பறிகொடுக்கும் தாயைப் பற்றியது. 'பறிக்கப்பட்ட தலைமுறைகள்' என்ற பெயரை வரலாற்றாசிரியர் பீட்டர் ரீட் ஒரு சிறுநூல் வழியாகப் பரவச் செய்தது 1981இல். ஆய்வாளர் பெயர் வைப்பதற்குப் பத்து வருடம் முன்னாலேயே பாட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லிமுடித்துவிட்டார்.

3. நினைவில் இல்லாததைப் பாடியவர்

ஆர்ச்சி ரோச் 1956இல் அந்த மூரூப்னாவில் பிறந்தார். குடும்பம் பிறகு வார்னம்பூல் பக்கத்திலுள்ள ஃப்ராம்லிங்ஹாம் மிஷனுக்குப் போனது. விவரம் தெரியாத வயதில் அவரையும் அக்காமாரையும் அதிகாரிகள் கொண்டுபோனார்கள். அனாதை விடுதி, பிறகு வளர்ப்பு வீடுகள். பெற்றோர் தீ விபத்தில் செத்துப்போனார்கள் என்று சொல்லப்பட்டது. கடைசியாக அவரை வளர்த்தவர்கள் மெல்பர்னில் குடியேறியிருந்த ஸ்காட்லாந்துக் குடும்பத்தார். அவர்களுக்கும் இதே பொய்தான் சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் நல்லவர்கள் என்று அவர் கடைசிவரை சொன்னார். அந்த வீட்டில்தான் இசை பழகினார்.

பதினைந்து வயதை ஒட்டி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியிருந்தது சொந்த அக்கா. அம்மா ஒரு வாரத்துக்கு முன் இறந்துபோனார் என்ற சேதி அதில் இருந்தது. அதுவரை தனக்கு அக்கா இருப்பதே தெரியாது, அம்மா உயிரோடு இருந்ததும் தெரியாது. அம்மா இருந்தாள் என்று தெரிந்த அதே நிமிடத்தில் அம்மா இல்லை என்றும் தெரிந்தது. எந்த அரசாங்கக் கோப்பும் இதைக் குற்றம் என்று பதிவு செய்யவில்லை.

வீட்டைவிட்டுப் போனார். தெருவில் படுத்தார், குடித்தார், ஜெயிலையும் பார்த்தார். அடிலெய்டில் இரட்சணிய சேனை விடுதியில் ரூபி ஹண்டரைச் சந்தித்தார். இருவருக்கும் அப்போது இருபதுகூட ஆகவில்லை. ரூபி, நாரிண்ட்ஜெரி இனத்தவர். எட்டு வயதில் சர்க்கஸ் பார்க்கக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போகப்பட்டவர். பறிக்கப்பட்ட இருவர் சேர்ந்து ஒரு குடும்பத்தை உண்டாக்கினார்கள். பின்னாளில் அந்தக் குடும்பத்தின் கதவு வீடில்லாத இளையவர்களுக்கும் திறந்தே இருந்தது.

1988. வெள்ளையர் வந்து 200 ஆண்டு ஆனதை அரசாங்கம் ஊர்கூட்டிக் கொண்டாடிய வருடம். பூர்வகுடிகள் சிட்னியில் ஆயிரக்கணக்கில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்த வருடமும் அதுதான். அந்தக் காலகட்டத்தில் ஃப்ராம்லிங்ஹாம் பெரியவர் பாஞ்சோ கிளார்க், பிடித்துக்கொண்டு போன அந்த நாளைப் பற்றிப் பாட்டெழுதச் சொன்னார். தனக்கு அது நினைவில்லை என்றார் ஆர்ச்சி. பெரியவருக்கு நினைவிருந்தது. நடந்ததை அவர் சொன்னார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். 'டுக் தி சில்ட்ரன் அவே', அதாவது பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள் என்ற பாட்டு இப்படித்தான் பிறந்தது. அது தன்வரலாறு. ஆனால் அதிலுள்ள மைய நிகழ்ச்சி பாடியவரின் நினைவில் இல்லை, ஊரின் நினைவில் இருந்தது. பிள்ளையைப் பிடுங்கியவர்கள் அதன் நினைவையும் சேர்த்துத்தான் பிடுங்கினார்கள். ஊர் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, அவன் வளர்ந்து திரும்பி வந்தபோது கையில் கொடுத்தது. 'நான்' என்று பாடுகிறவனுக்கு அந்த 'நான்'ஐத் தந்ததே 'நாங்கள்'தான். சொந்த அனுபவம் வேறு, சமூக அனுபவம் வேறு என்று கோடு போட்டுப் பேசுகிற விமர்சகர்கள் இந்தப் பாட்டை எந்தப் பக்கம் வைப்பார்கள்?

பாடகர் பால் கெல்லி 1989இல் மெல்பர்னில் தன் கச்சேரிக்கு முன்னால் பாட ஆர்ச்சியை அழைத்தார். இந்தப் பாட்டைப் பாடி முடித்ததும் அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் மேடையைவிட்டு நடக்க ஆரம்பித்தார். பிறகுதான் கைதட்டல் மழை மாதிரி மெல்லத் தொடங்கி வலுத்தது.

இசைத்தட்டு போடலாம் என்று கேட்டு வந்தபோது ஆர்ச்சி தயங்கினார். இது உன் ஒருத்தன் விஷயம் இல்லை, நம்ம ஜனத்தில் எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கிறது என்ற அர்த்தத்தில் ரூபி கேட்டதும்தான் சம்மதித்தார். 1990இல் 'சார்க்கோல் லேன்' வந்தது. மெல்பர்ன் ஃபிட்ஸ்ராயில் பூர்வகுடி மக்கள் கூடி உட்கார்ந்து குடிக்கிற, பேசுகிற, உறவைத் தேடிக் கண்டுபிடிக்கிற சந்தின் பெயர் அது. ரூபி எழுதிய தெருவாழ்க்கைப் பாட்டு ஒன்றும் அதில் உண்டு. 1991இல் மனித உரிமை விருது 'டுக் தி சில்ட்ரன் அவே'க்குக் கிடைத்தது. ஒரு பாட்டுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. 1994இல் ரூபி 'தாட்ஸ் விதின்' என்ற தன் இசைத்தொகுப்பைக் கொண்டுவந்தார். தனித் தொகுப்பு வெளியிட்ட முதல் பூர்வகுடிப் பெண்களில் ஒருவர் அவர். பாட்டியிலிருந்து பேத்திவரை பெண்களிடமிருந்துதான் பிள்ளைகளைப் பறித்தார்கள். அந்தப் பெண் குரல் ஒலிநாடாவில் ஏற அத்தனை காலம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. காகிதம் பேசத் தொடங்கியது

காவலில் நடந்த பூர்வகுடி மரணங்களை விசாரித்த அரச ஆணையம் 1991இல் அறிக்கை தந்தது. அது ஆராய்ந்த 99 மரணங்களில் 43 பேர் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். தூக்கிக்கொண்டு போன பிள்ளை கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1995இல் பிள்ளை பறிப்பு பற்றி ஒரு தேசிய விசாரணை அமைக்கப்பட்டது. 535 பூர்வகுடியினர் சாட்சி சொன்னார்கள். 1997இல் 'பிரிங்கிங் தெம் ஹோம்' என்ற அறிக்கை வெளிவந்தது. 1910 முதல் 1970 வரை பத்தில் ஒரு பிள்ளை முதல் மூன்றில் ஒரு பிள்ளை வரை பறிக்கப்பட்டிருக்கலாம் என்றது அது. அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்ட் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்க மறுத்தார். நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13ஆம் தேதி.

வரிசையாக வைத்துப் பாருங்கள். 1970இல் ராண்டலின் பாட்டு. 1988இல் ரோச்சின் பாட்டு. 1997இல் அறிக்கை. 2008இல் மன்னிப்பு. பாட்டால்தான் அறிக்கை வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இயக்கங்கள் இருந்தன, பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்த்துவைத்த அமைப்புகள் இருந்தன, வழக்குகள் இருந்தன. ஆனால் எனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது, என் அம்மாவுக்கு நான் வேண்டாதவன் என்று தனித்தனியாக வெந்துகொண்டிருந்தவர்களுக்கு, இது ஊருக்கே நடந்தது, சட்டம் போட்டு நடந்தது என்று முதலில் தெரிவித்தவற்றில் பாட்டும் ஒன்று. வெட்கம் கோபமாக மாறினால்தான் ஒருவர் சாட்சிக் கூண்டு ஏற முடியும். அந்த மாற்றத்தைப் பாட்டு செய்தது.

பாட்டின் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைப் பார்வையாளர் கேட்பார், கண்ணீர் விடுவார், கைதட்டுவார், வீட்டுக்குப் போய்விடுவார். கண்ணீர் சட்டத்தை மாற்றாது. இன்றைக்கும் அந்நாட்டில் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசுப் பராமரிப்பில் வைக்கப்படும் பிள்ளைகளில், பூர்வகுடிப் பிள்ளைகளின் விகிதம் மற்றவர்களைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். நாடாளுமன்றத்துக்குத் தங்கள் குரலைச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கையை 2023 அக்டோபர் 14ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் நிராகரித்தார்கள். மன்னிப்புக் கேட்டவர்களின் நாடுதான் அது.

5. வாய்மொழி எப்போது சான்றாகும்?

கெவ் கார்மடி 1946இல் பிறந்தவர். மாடு ஓட்டும் குடும்பம். பத்து வயதில் வீட்டிலிருந்து பிரித்து மிஷனரிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பல வருடம் உடலுழைப்பு வேலை. முப்பத்துமூன்று வயதில் உயர்கல்விக்குள் நுழைந்தபோது எழுத்துநடை அவருக்குக் கைவரவில்லை. தன் வரலாற்றுப் பாடத்தைக் கிதாரோடு வாய்மொழியாக முன்வைக்கிறேன் என்று கேட்டு, அப்படியே செய்தார். அந்தக் கார்மடிதான் பால் கெல்லியோடு சேர்ந்து, குரிண்ட்ஜி மக்களின் போராட்டத்தைப் பாட்டாக்கினார். 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் சுமார் 200 பேர் வெஸ்டி கம்பெனியின் வேவ் ஹில் கால்நடைப் பண்ணையைவிட்டு வெளியேறினார்கள். கூலிப் போராட்டம் நிலப் போராட்டமாக வளர்ந்தது. 1975 ஆகஸ்டில் பிரதமர் விட்லம் ஒரு கைப்பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் கொட்டினார். 1991இல் வெளிவந்த அந்தப் பாட்டு வழியாகத்தான் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்ட தலைமுறை ஒன்று அங்கே உண்டு.

அவர்களும் நாமும் ஒன்றல்ல. அவர்கள் நிலத்தை இழந்தது 1788க்குப் பிறகு. நம்மை ஊருக்கு வெளியே நிறுத்திய கணக்கு அதைவிடப் பழையது. எதிரியும் வேறு, சட்டமும் வேறு. ஆனால் சாட்சி சொல்கிறவனைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது. இது இலக்கியமா, புலம்பலா? இதில் கலை எங்கே இருக்கிறது? தலித் தன்வரலாறுகள் வந்தபோது நம்மிடமும் இதைத்தான் கேட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குத் தெரியும், நாட்டுப்புறப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது என்பதை இலக்கணம் மாதிரியே மனப்பாடம் செய்திருப்போம். பெயர் கிடையாதா, யாரும் கேட்டு எழுதவில்லையா? சேரியில் ஒரு கிழவி ஒப்பாரி கட்டுகிறாள். அதில் செத்தவனின் பெயர், அடித்தவனின் பெயர், எந்த வயலில் நடந்தது, எத்தனை மரக்கால் நெல்லுக்காக நடந்தது என்பதெல்லாம் இருக்கும். சேகரிக்கப் போன ஆய்வாளர் அந்தப் பெயர்களை உதறிவிட்டு, உவமையையும் சந்தத்தையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு வருகிறார். பாட்டு 'மக்கள் இலக்கியம்' ஆகிவிடுகிறது. சாட்சியம் செத்துப்போகிறது.

ஆர்ச்சி ரோச்சின் பாட்டு சாட்சியமாக நின்றதற்குக் காரணம் அதில் இடம் இருந்தது, ஆள் இருந்தது, செய்தவன் இருந்தான், பாடியவனின் பெயரும் இருந்தது. ரூபி 2010இல் இறந்தார். அதே வருடம் பக்கவாதம், அடுத்து நுரையீரல் புற்றுநோய் என்று ஆர்ச்சிக்கு உடம்பு தளர்ந்தது. 2020இல், முதல் இசைத்தட்டின் முப்பதாவது வருடத்தில், மூச்சுக்குத் திணறிக்கொண்டே தன் வீட்டுச் சமையலறை மேசையருகே உட்கார்ந்து அந்தப் பாடல்களை மறுபடி பாடிப் பதிவு செய்தார். 2022 ஜூலை 30ஆம் தேதி இறந்தார்.

இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஒப்பாரி கட்டுகிற, நடவுப்பாட்டு இட்டுக்கட்டுகிற நம் அம்மாக்களையும் பாட்டிகளையும் உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள். பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவள் பெயர் என்ன, ஊர் எது, எந்த வருடம், என்ன நடந்தபோது இதைக் கட்டினாள், யார் செய்தது என்று கேட்டு எழுதுங்கள். இதை வெளியே கொடுக்கலாமா என்று அவளிடம் அனுமதியும் கேளுங்கள். காகிதம் என்றைக்காவது வரும். வரும்போது அதில் எழுத வேண்டியதை அவள் ஏற்கெனவே பாடி வைத்திருப்பாள்.